செயின் தளர்ந்தால் கை வைப்பது யார்?

தில்லியில் எந்தத் தெருமுனை மெக்கானிக்கிடம் போய் நின்றாலும் நம்மவர்கள் வாயிலிருந்து வரும் வாசகம் ஒன்று உண்டு. "பையா, செயின் டைட் கர் தோ." ஊரை விட்டு வந்து இத்தனை ஆண்டுகள் ஆகியும் இந்தி சரளமாக வராதவர்கள்கூட இந்த ஒரு வாக்கியத்தைத் தடுமாறாமல் சொல்லிவிடுவார்கள். மெக்கானிக்கும் கேட்டபடியே இழுத்து முறுக்கிக் கொடுத்துவிடுகிறார். சடசடவென்ற சத்தம் நிற்கிறது, வண்டி கிளம்பிவிடுகிறது. நாம் கேட்டது சரிதானா, அவர் செய்தது அளவோடுதானா என்று பார்க்க நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் வருவதில்லை.

மோட்டார் சைக்கிளின் செயினைச் சரிபார்த்து அளவாக முறுக்குகிற இந்தச் சின்ன வேலையை ஒவ்வொரு வீட்டிலும் நாமே செய்துகொள்ள வேண்டும், நம் மகனுக்கும் மகளுக்கும் அதைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து. இதில் மிச்சமாகும் காசு அற்பம். அதற்காக நான் இதை எழுதவில்லை. அந்த வண்டியில் ஏறி ரிங் ரோட்டில் போவது நம் பிள்ளைகள். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்து வருவது நம் வீட்டுப் பெண்கள். அவர்களைச் சுமந்து செல்லும் சக்கரத்தை இழுப்பது அந்த ஒரு செயின்தான். நம் வீடுகளில் செயின் என்றால் கழுத்தில் போடுவதுதான் நினைவுக்கு வரும். அது கொஞ்சம் தேய்ந்தாலும் உடனே பத்தரிடம் ஓடுகிறோம். வண்டியின் செயின் தேய்ந்து தொங்கினால் மாதக்கணக்கில் திரும்பிப் பார்ப்பதில்லை.

முதலில் செயின் ஏன் தளர்கிறது என்று பார்ப்போம். செயின் ரப்பரைப் போல இழுபட்டு நீண்டுவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் இரும்புத் தகடுகள் அப்படி நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் உள்ளேயும் ஒரு பின்னும் அதைச் சுற்றி ஒரு புஷ்ஷும் இருக்கின்றன. எண்ணெய் வற்றித் தூசு புகுந்தால் இவை ஒன்றையொன்று அரைக்கும். சாதாரண 100, 125 சி.சி. வண்டிகளில் பெரும்பாலும் 428 என்ற அளவுள்ள செயின் இருக்கும். ஒரு கண்ணிக்கும் அடுத்ததற்கும் இடையே 12.7 மில்லிமீட்டர், செயின் முழுவதற்கும் சுமார் நூறு கண்ணிகள். ஒவ்வொரு கண்ணியிலும் 0.05 மில்லிமீட்டர் தேய்ந்தால் போதும், செயினின் மொத்த நீளம் 5 மில்லிமீட்டர் கூடித் தொங்கல் வந்துவிடும். தில்லிக் காற்றில் இந்தத் தேய்மானம் வேகமாகவே நடக்கும். மே, ஜூன் மாதப் புழுதிக் காற்று, அதை அடுத்து வரும் மழைச் சேறு, பிறகு டிசம்பர், ஜனவரிப் பனியின் ஈரம் என்று ஆண்டு முழுவதும் செயினுக்குச் சோதனைதான்.

தொங்கினால் என்ன ஆகும்? முதலில் கவரில் இடித்துச் சத்தம் போடும். கியர் மாற்றும்போதும் ஆக்ஸிலேட்டரைத் திருகும்போதும் வண்டி வெட்டி வெட்டிப் போகும். மேலும் தளர்ந்தால் பல்லைத் தாண்டி வழுக்கும், அல்லது கழன்று விழும். கழன்ற செயின் முன் பல்சக்கரத்தில் சுருண்டு மாட்டிக்கொண்டால் ஓடும் வண்டியின் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வரும்போது அப்படி நேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இது வரையில் எல்லோருக்கும் புரிகிறது. "அதனால்தானே டைட் செய்யச் சொல்கிறோம்" என்பீர்கள். நம் தவறான எண்ணம் அங்கேதான் ஒளிந்திருக்கிறது. செயினுக்குக் கொஞ்சம் தொங்கல் கட்டாயம் வேண்டும். அது வண்டியை வடிவமைத்தவர்கள் கணக்குப் போட்டு விட்ட இடைவெளி. பின் சக்கரம் ஒரே இடத்தில் நிற்பதில்லை. பள்ளம் மேடுகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சக்கரத்தைத் தாங்கும் சுவிங் ஆர்ம் ஓர் அச்சில் ஆடுகிறது. செயினை இழுக்கும் முன் பல்சக்கரமோ அந்த அச்சுக்கும் முன்னால் இருக்கிறது. முன் பல்சக்கரம், சுவிங் ஆர்மின் அச்சு, பின் சக்கரத்தின் அச்சு மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும் நேரத்தில் இரு பல்சக்கரங்களுக்கும் இடையே உள்ள தூரம் மிக அதிகமாகும். செயின் மிக இறுக்கமாகும். ஆள் ஏறாத வண்டியில் பின் சக்கரம் தாழ்ந்து நிற்கும். கணவன், மனைவி, நடுவில் குழந்தை, கையில் காய்கறிப் பை என்று ஏறி உட்கார்ந்ததும் ஸ்பிரிங் அமுங்கி அந்த மூன்றும் நேர்கோட்டை நெருங்கும். ஸ்டாண்டில் நிற்கும்போதே விறைப்பாக இருந்த செயின் அப்போது வீணைத் தந்தி போல் ஆகிவிடும். அந்த இழுவை முழுவதும் கியர் பெட்டியின் பேரிங் மீதும், ஆயில் சீல் மீதும், பின் சக்கரப் பேரிங் மீதும் விழுகிறது. செயினே அறுந்துபோவதும் உண்டு. ஒரு சின்ன சத்தத்தை நிறுத்தப் போய்ப் பெரிய செலவை வாங்கிக்கொள்வது என்பது இதுதான்.

இதற்கு மெக்கானிக்கைக் குறை சொல்வதில் நியாயமில்லை. சத்தம் கேட்டால் சண்டைக்கு வருகிற வாடிக்கையாளருக்கு அவர் சத்தம் கேட்காதபடி செய்து தருகிறார். "டைட்" என்ற சொல்லை அவர் வாயில் போட்டவர்கள் நாம்தான். "அளவு பார்த்து வை" என்று சொல்ல நமக்கு அளவு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அந்த அளவு என்ன? பெரும்பாலான சாதாரண வண்டிகளுக்கு 20 முதல் 30 மில்லிமீட்டர். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு, வண்டி வாங்கும்போது கொடுத்த கையேட்டில் அச்சிட்டிருக்கும். அந்தக் கையேடு இன்ஷூரன்ஸ் காகிதங்களோடு பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கும்; தயவு செய்து அதை வெளியே எடுங்கள். அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பிள்ளையின் ஜியோமெட்ரி பெட்டியில் உள்ள ஸ்கேல் போதும்.

எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, நியூட்ரலில் வைத்து வண்டியை நிறுத்த வேண்டும். எந்த ஸ்டாண்டில் நிறுத்துவது என்பதையும் கையேடு சொல்லும். கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் நடுவில் விரலால் மேலே தள்ளி, பிறகு கீழே இழுத்து, இரண்டுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பார்க்க வேண்டும். முழுதும் மூடிய கவர் உள்ள வண்டிகளில் அதற்கென்றே ரப்பர் மூடி போட்ட ஓட்டை ஒன்று இருக்கும். ஓரிடத்தில் மட்டும் அளந்தால் போதாது. சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுற்றி நாலைந்து இடங்களில் பார்க்க வேண்டும். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே வைத்துத்தான் அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

அளவுக்கு மேல் தொங்கினால் பின் அச்சின் பெரிய நட்டைத் தளர்த்த வேண்டும். சில வண்டிகளில் அதோடு ஸ்லீவ் நட்டு என்று இன்னொன்றும் உண்டு. பிறகு சுவிங் ஆர்மின் இரு முனைகளிலும் உள்ள அட்ஜஸ்டர்களை, பூட்டு நட்டைத் தளர்த்திவிட்டு, கால் சுற்றுக் கால் சுற்றாக இரு பக்கமும் சமமாகத் திருக வேண்டும். இரு பக்கமும் கோடுகள் போட்டிருக்கும். இடப்பக்கம் எந்தக் கோட்டில் நிற்கிறதோ வலப்பக்கமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். இல்லையேல் சக்கரம் கோணலாகி, செயினும் பல்லும் ஒரு பக்கமாகத் தேயும். வண்டியும் ஒரு பக்கம் இழுக்கும். புல்லட் வைத்திருப்பவர்கள் இந்தத் திருகுக்குப் பதிலாக நத்தை ஓடு போன்ற வளைந்த தகடுகளைப் பார்ப்பார்கள். அவற்றிலும் இரு பக்கமும் ஒரே எண்ணிக்கை வர வேண்டும் என்பதுதான் விதி. அளவு வந்ததும் நட்டுகளை இறுக்கிவிட்டு மறுபடியும் ஒரு தடவை அளக்க வேண்டும். இறுக்கும்போது அளவு சற்று மாறிவிடுவது வழக்கம்.

இத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. பலரும் விட்டுவிடுகிற முக்கியமான காரியம் ஒன்று இருக்கிறது. பின் சக்கரம் பின்னோக்கி நகர்ந்ததால் டிரம் பிரேக் உள்ள வண்டிகளில் பிரேக் ராட் இழுபட்டிருக்கும். பிரேக் பிடித்தபடியே வண்டி ஓடும். அதன் நட்டைத் திருகி, மிதியின் தொங்கலைச் சரி செய்து, சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறதா, பிரேக்கை மிதித்தால் பின் விளக்கு எரிகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும். பின் அச்சின் நட்டு போதிய அளவு இறுகியிருக்கிறதா என்ற சந்தேகம் முதல் தடவை யாருக்கும் வரும். அப்போது பக்கத்து மெக்கானிக்கிடம் வண்டியை உருட்டிக்கொண்டு போய், டார்க் ரெஞ்சு வைத்து ஒரு தடவை பார்க்கச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

எண்ணெய் பற்றியும் இரண்டு வார்த்தை. 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழையில் நனைந்தால் உடனேயே, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, 90 நம்பர் கியர் ஆயில் விட்டால் போதும். பெட்ரோலால் கழுவக் கூடாது. ரப்பர் வளையம் உள்ள செயின்களில் அது வளையத்தைக் கெடுத்துவிடும். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் போட்டுத் துணியைச் செயினில் வைத்துத் துடைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. துணியோடு விரலும் உள்ளே போய்விடும். சக்கரத்தைக் கையால் சுற்றுவதற்குச் சோம்பல்பட்டு விரலைக் கொடுக்க வேண்டாம்.

முறுக்கிக்கொண்டே போகவும் முடியாது. 428 செயினில் 20 கண்ணிகளின் நீளம் புதிதில் 254 மில்லிமீட்டர். அது 259ஐ எட்டிவிட்டால் சுமார் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது என்று பொருள், மாற்றிவிட வேண்டும். பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல் வளைந்திருந்தாலும் அப்படியே. மாற்றும்போது செயினையும் இரு பல்சக்கரங்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுச் செயினைப் பழைய பல்லில் மாட்டினால் அதுவும் விரைவில் கெட்டுவிடும்.

செயினுக்குப் பதில் பல் வைத்த பெல்ட் உள்ள வண்டிகளும் இப்போது நம் தெருக்களில் ஓடுகின்றன. ஹார்லி டேவிட்சன் 1980இலேயே தன் ஸ்டர்ஜிஸ் மாடலில் பெல்ட் போட்டது. 2019இல் வந்த ரிவோல்ட் ஆர்வி 400 மின்சார மோட்டார் சைக்கிளிலும், ஓசூரில் தயாராகும் ஏதர் 450 ஸ்கூட்டரிலும் பெல்ட்தான். இதற்கு எண்ணெய் கூடாது. தளர்ந்தால் பல் தாண்டும், இறுகினால் பேரிங் போகும் என்பதில் இதுவும் செயினைப் போலத்தான். ஆனால் அளப்பது இன்னும் நுட்பமானது. ஹார்லி வண்டிகளில் பெல்ட் குளிர்ந்திருக்கும்போது நடுவில் சுமார் 4.5 கிலோ எடைக்குச் சமமான விசை கொடுத்து, எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்று பார்ப்பார்கள். பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ கூடாது; உள்ளே உள்ள இழைகள் ஒடிந்துவிடும். ஆகவே பெல்ட் வண்டிக்காரர்கள் வீட்டில் கண்ணால் பார்த்து, கல் சிக்கியிருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா என்று கவனித்தாலே பாதிப் பாதுகாப்பு. பெட்ரோல் ஸ்கூட்டரின் உள்ளே இருக்கும் பெல்ட் வேறு ரகம். அதில் நாம் முறுக்குவதற்கு ஒன்றுமில்லை, தேய்ந்தால் மாற்ற வேண்டியதுதான்.

இனி நான் எதிர்பார்க்கும் ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். "தெரு மெக்கானிக்கின் பிழைப்பில் மண் போடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல மனத்தோடு கேட்கப்படும் கேள்விதான். செயின் முறுக்குவதில் அவருக்குக் கிடைப்பது சொற்பம். அவருக்கு வருமானம் பெரிய வேலைகளில் இருக்கிறது. விவரம் தெரிந்த வாடிக்கையாளரிடம் அவருக்கும் மரியாதை உண்டு. வேலை தெரிந்தவனுக்குத்தான் வேலைக்காரனின் அருமையும் தெரியும். பேரம் பேசுகிற நம் நாக்கு அப்போது கொஞ்சம் அடங்கும்.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்பது இரண்டாவது. பழகிவிட்டால் அளந்து பார்க்க ஐந்து நிமிடம், முறுக்க அரை மணி நேரம். அதுவும் தேவைப்படும்போது மட்டும். ஞாயிற்றுக்கிழமை டெலிவிஷன் முன்னால் நாம் உட்காரும் நேரத்தில் இது எத்தனை பங்கு?

மூன்றாவது ஆட்சேபணையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் அதுதான் உண்மையானது. "படித்து, உத்தியோகம் பார்க்க வந்த நாம் கையில் கிரீஸ் பூசிக்கொண்டு வாசலில் உட்காருவதா? அக்கம் பக்கத்தார் என்ன நினைப்பார்கள்?" தில்லிக்கு வந்த நம் முந்தைய தலைமுறையினரில் பெரும்பாலோர் பேனா பிடிக்க வந்தவர்கள். அந்தப் பேனாதான் நமக்குச் சோறு போட்டது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதோடு சேர்த்து, கை வேலை என்பது வேறு யாரோ செய்ய வேண்டியது என்ற எண்ணத்தையும் பிள்ளைகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டோம். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற பையன் வீட்டில் இருப்பான். அவன் வண்டியின் செயினை இறுக்கப் பத்தாம் வகுப்பைத் தாண்டாத இன்னொரு பையன் வேண்டியிருக்கிறது. இதில் நாம் பெருமைப்பட என்ன இருக்கிறது?

நம் ஊர்க்காரர்கள் இந்தத் தொழிலுக்கு அந்நியர்களும் அல்ல. 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வந்த புல்லட் நாடெங்கும் ஓடியது. ரோலான் செயின் கோயம்புத்தூர் நிறுவனத்தின் தயாரிப்பு. டயமண்ட் செயினின் தொழிற்சாலை அம்பத்தூரில் இருக்கிறது. ஒரு காலத்தில் நம்மவர் குடித்தனங்கள் நிறைந்திருந்த கரோல் பாக், இன்று மோட்டார் சைக்கிள் உதிரி பாகங்களுக்குப் பெயர் போன சந்தை. அங்கே கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற செயின் டப்பாவில் கோயம்புத்தூர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. செய்து அனுப்பியவர்கள் நம்மவர்கள். அதை அளவாக மாட்டிக்கொள்ளத் தெரியாதவர்களும் நம்மவர்களாக இருக்க வேண்டுமா?

பெண் பிள்ளைகளை இதில் ஒதுக்கிவிடக் கூடாது என்பதையும் தனியாகச் சொல்கிறேன். வண்டி ஓட்டுகிற பெண்களும் பின்னால் உட்காருகிற பெண்களும் இந்த ஆபத்தில் முதல் பங்காளிகள். பின்னால் அமர்பவரின் ஆடை சிக்காதபடி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பு இருக்க வேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி சொல்கிறது. அழகாக இல்லை என்று அந்தக் காப்பையும் செயின் கவரையும் கழற்றி எறிகிற இளைஞர்களை நாம் பார்க்கிறோம். புடவைத் தலைப்பும் துப்பட்டாவும் எதில் போய்ச் சிக்கும் என்று செயினைத் தொட்டுப் பழகிய பெண்ணுக்குத் தெரியும். அவள் அந்தக் காப்பைக் கழற்ற விடமாட்டாள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுதோறும் கோலப் போட்டி வைக்கிறோம், குறள் ஒப்பித்தல் வைக்கிறோம், சமையல் போட்டியும் வைக்கிறோம். எல்லாம் வேண்டியவையே. ஆயுத பூஜைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளை அவரவர் வண்டியோடும் கையேட்டோடும் வரச்சொல்லலாம். செப்டம்பர் 17ஐ ஒட்டித் தம் பட்டறையில் விசுவகர்மா பூஜை செய்கிற உள்ளூர் மிஸ்திரி ஒருவரை உரிய சன்மானம் கொடுத்து அழைத்து, அவரையே ஆசிரியராக உட்கார வைக்கலாம். அளப்பது, முறுக்குவது, பிரேக் சரிபார்ப்பது என்று மூன்றே பாடங்கள். செலவு, ஒரு டப்பா கியர் ஆயிலும் கொஞ்சம் பழைய துணியும்தான். பூஜையன்று வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழமும் வைக்கிறோம். அதற்கு முன்பு அந்தச் செயினையும் ஒரு தடவை அளந்து பார்த்துவிடலாமே. நிர்வாகிகள் இதை அடுத்த செயற்குழுவில் பரிசீலிப்பார்கள் என்று நம்புகிறேன். ஸ்பேனர் பெட்டியைக் கொண்டுவரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.